ஆசரிப்புக் கூடாரம் எவ்வாறு நற்கருணைப் பேழை ஆயிற்று?

எழுதியவர்: மறைக்கல்வி ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பங்கில் புதுநன்மைக்கு ஆயத்தமாகும் சிறுமி ஒருத்தி சென்ற ஞாயிறு வகுப்பில் கேட்ட கேள்விக்கு என்னால் நிறைவான விடை சொல்ல முடியவில்லை. அவள் படிக்கும் ஆங்கிலப் புத்தகத்தில், திருப்பலியில் அர்ச்சித்த அப்பத்தைச் சேமித்து வைக்கப் பீடத்துக்குப் பின்னால் இருக்கும் நற்கருணைப் பேழைக்கு டேபர்னாக்கிள் என்று போட்டிருக்கிறது. அதே சொல்லைத்தான் மோசே பாலைநிலத்தில் அமைத்த கூடாரத்துக்கும் போட்டிருக்கிறார்கள். "டீச்சர், அது கூடாரமா, பெட்டியா?" என்று கேட்டாள். இலத்தீனில் தபெர்னாகுலம் என்றால் கூடாரம் என்பதையும், அச்சொல்லே பிறகு பேழைக்கும் வந்தது என்பதையும் சொன்னேன். ஆனால் துணியாலும் பலகையாலும் ஆன, பிரித்துப் பெயர்த்துக்கொண்டு போகக்கூடிய ஒன்றின் பெயர், சுவரோடு பதித்துப் பூட்டப்பட்ட ஓர் உலோகப் பெட்டிக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதை விளக்க எனக்குப் போதிய அறிவு இல்லை. தமிழில் நாம் ஏன் கூடாரம் என்ற சொல்லை விட்டுப் பேழை என்று சொல்கிறோம் என்பதும் அன்றைக்குத்தான் எனக்கே உறைத்தது. தெரிந்தவர்கள் எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

எழுதியவர்: முழக்கோல்

சகோதரி, நான் சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்தவன். பேழையைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை. கூடாரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லலாம். எங்கள் ஓய்வுநாள் பாடசாலைக்காக ஒரு முழத்துக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில் வாசஸ்தலம் என்னும் அந்தக் கூடாரத்தின் மாதிரியைச் செய்திருக்கிறேன். யாத்திராகமம் (விடுதலைப் பயணம்) 26ஆம் அதிகாரத்தைப் பல முறை வாசித்திருந்தும், துணியைக் கத்தரித்துப் பலகையின் மேல் போட்டுப் பார்த்த பிறகுதான் அது எனக்குப் புரிந்தது என்று சொல்லத் தயங்கமாட்டேன்.

கூடாரம் 30 முழ நீளம், 10 முழ உயரம். அகலம் நேராகச் சொல்லப்படாவிட்டாலும் பலகைக் கணக்கிலிருந்து 10 முழம் என்று கொள்வது வழக்கம். முழத்தை ஏறத்தாழ 45 சென்டிமீட்டராக வைத்துக்கொண்டால் பதின்மூன்றரை மீட்டருக்கு நாலரை மீட்டர். ஒரு நடுத்தரப் பள்ளி வகுப்பறையைவிடச் சற்றே நீளம், அவ்வளவுதான். இதன்மேல் போடும் முதல் மூடுதிரை 4 முழ அகலமுள்ள பத்துத் துணிகளால் ஆனது. ஐந்தைந்தாகத் தைத்து, இரண்டு பாதிகளையும் 50 பொன் கொக்கிகளால் இணைக்க வேண்டும். ஆக மொத்தம் 40 முழம். அதில் 30 முழம் கூரைக்கும் 10 முழம் பின்புறத்துக்கும் போய்விடுகிறது. கொக்கிகள் வரும் இணைப்பு வாசலிலிருந்து சரியாக 20ஆவது முழத்தில் விழுகிறது. பரிசுத்த ஸ்தலத்தையும் மகா பரிசுத்த ஸ்தலத்தையும் பிரிக்கும் திரைச்சீலையை அந்தக் கொக்கிகளுக்கு நேர் கீழே தொங்கவிட வேண்டும் என்று 33ஆம் வசனம் சொல்கிறது. அப்படித் தொங்கவிட்டால் உள்ளே மிஞ்சுவது நீளம், அகலம், உயரம் மூன்றும் 10 முழமான ஒரு கனசதுரம். வசனத்தில் கனசதுரம் என்ற பேச்சே கிடையாது. தையற்காரன் கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் அது தெரிகிறது.

அகலத்தில் நான் ஏமாந்தேன். மூடுதிரையின் மறு அளவு 28 முழம். கூரைக்கு 10 போக இரு பக்கமும் 9 முழம் இறங்குகிறது. பலகையோ 10 முழ உயரம். என் மாதிரியில் துணி இரு பக்கமும் ஓர் அங்குலம் தரைக்கு எட்டாமல் நின்றது. தவறாக வெட்டிவிட்டேன் என்று எண்ணி அந்தத் துணியைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு துணி வாங்கி வந்தேன். அடுத்த வசனங்களை மறுபடி வாசித்தபோதுதான் தெரிந்தது: மேலே வரும் ஆட்டுமயிர்த் திரைக்கு மட்டும் 30 முழம் கொடுக்கப்பட்டிருக்கிறது, அது இரு பக்கமும் தரையைத் தொடுகிறது. உள்ளே கேருபீன்கள் என்னும் சிறகுள்ள வானவர் உருவங்கள் நெய்யப்பட்ட விலையுயர்ந்த துணி மண்ணில் படாமல் நிற்கிறது, வெளியே இருக்கும் முரட்டுத் துணி மண்ணைத் தாங்கிக்கொள்கிறது. பழைய துணியையே எடுத்து மறுபடியும் போட்டேன்.

பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அந்தத் துணியைப் பஞ்சுநூல் என்கிறது. எபிரேயச் சொல் குறிப்பது ஆளிச்செடியின் நாரிலிருந்து நெய்த துணியை. அதுபோலவே, ஏழு அகல்களும் வாதுமைப் பூ வேலைப்பாடும் கொண்ட பொன் விளக்குத்தண்டுக்குக் குத்துவிளக்கு என்றும், முற்றத்துக்குப் பிராகாரம் என்றும் எழுதினார்கள். தமிழருக்குப் பழக்கமான கோவில் சொற்களை எடுத்து மொழிபெயர்த்தவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு.

எழுதியவர்: ஏடு புரட்டுபவர்

முழக்கோல் ஐயாவின் பதிவு மிகவும் பயனுள்ளது. சொற்களைப் பற்றி நான் கொஞ்சம் சேர்க்கிறேன். யாத்திராகமத்தில் இரண்டு பெயர்கள் மாறி மாறி வருகின்றன. ஒன்று மிஷ்கான், 'குடியிருத்தல்' என்ற வேரிலிருந்து வந்தது. அண்டை வீட்டுக்காரரைக் குறிக்கும் ஷாகேன் என்ற சொல்லும் அதே வேரில்தான் பிறந்தது. மற்றது ஓஹெல் மோஏத், அதாவது குறித்த வேளையில் சந்திப்பதற்கான கூடாரம். பழைய மொழிபெயர்ப்பு முதலாவதை வாசஸ்தலம் என்றும் இரண்டாவதை ஆசரிப்புக் கூடாரம் என்றும் எழுதியது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு சந்திப்புக் கூடாரம் என்று மாற்றியது. எபிரேயத்துக்கு நெருக்கமானது பின்னதுதான் என்றாலும், ஆசரிப்பு என்ற சொல் ஊறிப்போன காதுகளுக்கு வேறெதுவும் இனிக்காது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

"அவர்கள் நடுவிலே நான் வாசம்பண்ண" எனக்கு ஒரு பரிசுத்த ஸ்தலத்தை உண்டாக்குவார்களாக என்று 25ஆம் அதிகாரம் சொல்கிறது. 'அதன் நடுவிலே' என்று சொல்லப்படவில்லை என்பதை யூத உரைகாரர்கள் விடாமல் சுட்டிக்காட்டி வந்திருக்கிறார்கள். கடவுளின் உடனிருப்பைக் குறிக்கப் பிற்கால யூத போதகர்களான ரபீக்கள் பயன்படுத்திய ஷெக்கினா என்ற சொல் விவிலியத்தில் இல்லை. ஆனால் அதுவும் மிஷ்கானின் வேரில் பிறந்ததே. கோவில் கி.பி. 70இல் இடிந்த பிறகு இந்த எண்ணம் அவர்களுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

கூடாரம் போன பிறகும் அதன் வேலை யூதர்களின் வாரந்தோறுமான வாழ்வில் தங்கிவிட்டது. கூடாரத்தைக் கட்டும் கட்டளையை ஓய்வுநாள் கட்டளையோடு அடுத்தடுத்து வைத்திருப்பதால், ஓய்வுநாளில் விலக்கவேண்டிய வேலைகள் எவை என்பதைக் கூடார வேலையிலிருந்தே ரபீக்கள் வருவித்தார்கள். அவர்களுடைய சட்டத்தொகுப்பான மிஷ்னா அவற்றை நாற்பதுக்கு ஒன்று குறைய என்று எண்ணுகிறது. அவற்றுள் ஒன்று இரண்டு எழுத்துகளை எழுதுவது. காரணம் என்ன தெரியுமா? கூடாரத்தைப் பிரித்து மறுபடி பூட்டும்போது எந்தப் பலகைக்கு எது இணை என்று தெரிவதற்காகப் பலகைகளில் எழுத்துகளால் அடையாளமிட்டார்களாம்.

எழுதியவர்: முழக்கோல்

ஐயா, இதை வாசித்ததும் எழுந்துபோய் என் மாதிரியின் பலகைகளைத் திருப்பிப் பார்த்தேன். ஒவ்வொன்றின் அடியிலும் நான் பென்சிலால் வ1, வ2, தெ1, தெ2 என்று எழுதி வைத்திருக்கிறேன். வடபுறம், தென்புறம் என்பதற்காக. யாரும் சொல்லித்தரவில்லை. பிரித்துக் கட்டுகிற எவருக்கும் அது தேவைப்படுகிறது.

எழுதியவர்: பெரோயா வாசகர்

தோத்திரம். எல்லாம் நல்ல தகவல்கள். ஆயினும் மூலக் கேள்வியை விட்டு விலகிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். எபிரெயர் நிருபம் 8ஆம் அதிகாரம் முதல் 10ஆம் அதிகாரம் வரை கூடாரத்தைப் பரலோகக் காரியங்களின் சாயல், நிழல் என்று சொல்லி, திரைச்சீலை கிறிஸ்துவின் மாம்சமே என்றும் தெளிவாக்குகிறது. பொருள் வந்த பிறகு நிழலுக்கு என்ன வேலை? யோவான் தம் சுவிசேஷத்தின் தொடக்கத்தில் வார்த்தை மாம்சமாகி நமக்குள்ளே வாசம்பண்ணினார் என்று எழுதும்போது அங்கே நிற்கும் கிரேக்க வினைச்சொல்லின் நேர்ப்பொருள் கூடாரமிட்டார் என்பதே. ஆகவே கூடாரத்தின் நிறைவு ஒரு நபர். அதன் பெயரை எடுத்து ஒரு பெட்டிக்குச் சூட்டுவது, திறக்கப்பட்ட திரையை மறுபடி தொங்கவிடுவதாக எனக்குப் படுகிறது. யாரையும் புண்படுத்தும் நோக்கமின்றி, உண்மையாகவே அறிந்துகொள்ள விரும்பிக் கேட்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. கூடாரமே மெய்யாக இருந்ததா என்று கேட்கும் ஆராய்ச்சியாளர்களைப் பற்றியும் யாராவது எழுதினால் நன்று.

எழுதியவர்: ஏடு புரட்டுபவர்

இரண்டாவது கேள்விக்கு நான் விடை சொல்கிறேன். 19ஆம் நூற்றாண்டில் யூலியுஸ் வெல்ஹவுசன் என்ற ஜெர்மானிய அறிஞர், எருசலேம் கோவிலைப் பாதியாகச் சுருக்கிப் பாலைநிலத்துக்குப் பின்னோக்கி அனுப்பிய குருத்துவ மரபின் கற்பனையே இந்தக் கூடாரம் என்றார். சாலொமோன் கோவிலின் மகா பரிசுத்த ஸ்தலம் 20 முழக் கனசதுரம், கூடாரத்தினுடையது 10 முழம் என்பது அவர் வாதத்துக்கு வலுச்சேர்த்தது. மேலும், யாத்திராகமம் 33ஆம் அதிகாரத்தில் பாளயத்துக்கு வெளியே தூரத்தில், யோசுவா ஒருவரே காவல் இருந்த எளிய கூடாரம் ஒன்று வருகிறது. பாளயத்தின் நடுவே பொன்னும் வெள்ளியுமாக நிற்கும் கூடாரத்தோடு அது எளிதில் பொருந்துவதில்லை.

மறுபக்கத்துச் சான்றுகளும் உண்டு. எகிப்திய மன்னன் இரண்டாம் ராம்சேஸ் காதேஷ் போரில் அமைத்த பாளயம் அபு சிம்பெல் கோவில் சுவரில் செதுக்கப்பட்டிருக்கிறது: நீள்சதுரமான பாளயம், அதன் நடுவே அரசனின் கூடாரம், அதன் உள்ளறையில் அரசனின் பெயரை இரு பக்கமும் சிறகு விரித்துக் காக்கும் பருந்துகள். இஸ்ரயேலின் தெற்கே திம்னா செப்புச் சுரங்கத்தில் 1969இல் பெனோ ரோத்தன்பெர்க் அகழ்ந்த சிறு கோவிலில், எகிப்தியர் விட்டுப்போன ஆலயத்தைப் பிறகு வந்தவர்கள் துணிக்கூரை போட்டுப் பயன்படுத்தியதற்கான சிவப்பு, மஞ்சள் துணிக் குவியல்களும், தலையில் பொன் பூசிய ஒரு செப்புப் பாம்பும் கிடைத்தன. இவை மோசேயின் கூடாரத்தை நிரூபிப்பவை அல்ல. ஆனால் அந்தக் காலத்தில், அந்த நிலத்தில் கூடாரக் கோவில் என்பது கேள்விப்படாத பொருள் இல்லை என்று காட்டுகின்றன. ஒரு பழைய கூடார மரபு இருந்தது, பின்னால் வந்தவர்கள் அதைக் கோவிலின் பெருமையால் அணிசெய்து எழுதினார்கள் என்பதே என் முடிவு.

எழுதியவர்: தென்கரை வாசகர்

பெரோயா வாசகர் கேட்ட முதல் கேள்வி நியாயமானது. ஒரு கத்தோலிக்கனாக நான் விடை சொல்ல முயல்கிறேன். கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது.

நற்கருணையைச் சேமித்து வைக்கும் வழக்கம் ஆராதனைக்காகத் தொடங்கியதன்று. வர இயலாதவர்களுக்குத் திருத்தொண்டர்கள் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள் என்று 2ஆம் நூற்றாண்டின் நடுவில் கிறிஸ்தவ எழுத்தாளர் யுஸ்தீன் எழுதியிருக்கிறார். நோயாளிக்கும் சாகக்கிடப்பவருக்கும் எந்நேரமும் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே சிறிதளவு எடுத்துவைத்தார்கள். நெடுங்காலம் அதற்கென ஒரே வடிவம் இருக்கவில்லை. சில இடங்களில் புறா வடிவில் செய்த உலோகச் சிமிழைப் பீடத்துக்கு மேலே சங்கிலியில் தொங்கவிட்டார்கள். சில இடங்களில் சுவரில் ஒரு மாடம் வைத்தார்கள். 1215இல் கூடிய நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம் அதைப் பூட்டி வைக்கும்படி ஆணையிட்டது. காரணம், யாரும் எடுத்து மாந்திரீகம் போன்ற தீய காரியங்களுக்குப் பயன்படுத்திவிடக் கூடாது என்ற அச்சம்.

ஜெர்மனியில் பீடத்துக்கு அருகே கல்லில் கோபுரம்போல் எழுப்பினார்கள். நியூரம்பெர்க் புனித லாரன்ஸ் ஆலயத்தில் ஆதாம் கிராஃப்ட் 1493 முதல் 1496 வரை செதுக்கிய நற்கருணைக் கோபுரம் ஏறக்குறைய 20 மீட்டர் உயர்ந்து, ஆலயத்தின் வளைவுக்கூரை வரை போய், இடமில்லாமல் தளிர்போல் நுனி வளைந்து நிற்கிறது. அதன் அடியில் முழந்தாளிட்டுத் தோளில் அந்தப் பாரத்தைச் சுமப்பவர்களில் ஒருவனாக, கையில் சுத்தியலும் உளியுமாகச் சிற்பி தன்னையே செதுக்கியிருக்கிறான். கூடாரத்துக்குள் இருந்த உடன்படிக்கைப் பேழையைத் தோளில் சுமக்கும் பணி லேவியரில் ஒரு பிரிவினரான கோகாத்தியருடையது, அவர்களுக்கு மட்டும் வண்டியும் மாடும் கொடுக்கப்படவில்லை என்று எண்ணாகமம் 7ஆம் அதிகாரம் சொல்வதை அவன் மனத்தில் வைத்திருந்தானோ என்னவோ, எனக்கு அந்த நினைவுதான் வருகிறது. அந்நகரம் 1525இல் லூத்தரன் நெறியை ஏற்ற பிறகும் அந்தக் கோபுரத்தை யாரும் இடிக்கவில்லை.

பீடத்தின் மேலேயே பேழையை வைக்கும் வழக்கம் 16ஆம் நூற்றாண்டு இத்தாலியில் வெரோனா, மிலான் ஆயர்களால் பரவி, 1614இல் வெளிவந்த உரோமைச் சடங்கு நூலால் உறுதிப்பட்டது. அந்த நூல் பேழையின் மேல் ஒரு துணியைப் போர்த்தச் சொல்கிறது. கோனோபியம் எனப்படும் அந்தத் துணி பேழையின் உச்சியிலிருந்து நாலாபுறமும் இறங்கி முன்னால் இரண்டாகப் பிரிந்து நிற்கும்போது அது பார்ப்பதற்கே ஒரு சிறு கூடாரம்தான். ஆசிரியை அவர்கள் அந்தச் சிறுமிக்கு இதைக் காட்டலாம்: இன்றும் திரை போர்த்திய பேழை இருக்கும் ஆலயங்களில் பெட்டியும் உண்டு, கூடாரமும் உண்டு.

தமிழில் பேழை என்று சொன்னது தற்செயலாக இருக்கலாம். ஆனால் எனக்கு அது பொருத்தமாகவே தோன்றுகிறது. இலத்தீன் மரபு வெளியே நிற்கும் கூடாரத்தின் பெயரை எடுத்தது. நாமோ அதற்குள் இருந்த, கட்டளைப் பலகைகளை வைத்த உடன்படிக்கைப் பேழையின் பெயரை எடுத்தோம். பாலைநிலத்தில் வானத்திலிருந்து கிடைத்த உணவான மன்னா வைத்த பொற்கலசம் பேழையில் இருந்ததாக எபிரெயர் நிருபம் 9ஆம் அதிகாரம் சொல்கிறது. வானத்திலிருந்து இறங்கிவந்த அப்பம் நானே என்று யோவான் 6இல் ஆண்டவர் சொல்கிறார். அப்பம் இருக்கும் பெட்டிக்குப் பேழை என்பதைவிட நல்ல பெயர் ஏது? மாதாவின் பிரார்த்தனையில் "வாக்குத்தத்தத்தின் பெட்டகமே" என்று நம் முன்னோர் சொன்னதும் இதே நினைவில்தான். மேகம் கூடாரத்தின்மேல் தங்கியது என்று யாத்திராகமத்தின் கிரேக்கப் பாடத்தில் வரும் அதே வினையைத்தான் உன்னதரின் வல்லமை மரியாளின்மேல் நிழலிடும் என்று லூக்கா எழுதும்போதும் பயன்படுத்துகிறார்.

ஆயினும் பெரோயா வாசகர் சொன்னதில் என்னைத் தைத்த ஒன்று இருக்கிறது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 938ஆம் சட்டம், பேழை அசைக்க முடியாததாகவும், உறுதியான, உள்ளே இருப்பது தெரியாத பொருளால் ஆனதாகவும், பூட்டப்பட்டதாகவும் இருக்கவேண்டும் என்கிறது. களவுக்கும் அவமதிப்புக்கும் அஞ்சி வைத்த விதி, தேவையான விதி. ஆனால் தன்மேல் தங்கிய மேகம் எழும்பினால் எழும்பிப் போகவேண்டிய ஒன்றின் பெயரைத் தாங்கிய பொருள் இது என்பதை நினைக்கும்போது மனம் ஒரு கணம் நின்றுபோகிறது.

நான் சிறுவனாக இருந்தபோது என் பாட்டி எட்டு மாதம் படுக்கையில் இருந்தார். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை காலையில் உபதேசியார் முன்னதாக வந்து சொல்லிவிட்டுப் போவார். அம்மா திண்ணையைக் கழுவி, ஸ்டூலின் மேல் வெள்ளைத் துணி விரித்து, இரண்டு மெழுகுவர்த்தியும் ஒரு டம்ளர் தண்ணீரும் வைப்பார். சாமியார் சைக்கிளில்தான் வருவார்; ஆனால் வழியில் யார் வணக்கம் சொன்னாலும் பதில் பேசமாட்டார், ஏனென்றால் அவர் கழுத்தில் பட்டுப்பையில் சிமிழ் தொங்கும். தெருவில் இருந்த இந்து வீட்டுக்காரர்களும் திண்ணையிலிருந்து எழுந்து நிற்பார்கள். பாட்டி அதை நற்கருணை என்று சொன்னதில்லை, "நன்மை வருது" என்றுதான் சொல்வார். அந்தச் சிமிழ் வந்து போவதற்காகத்தான் அந்தப் பேழை அங்கே இருக்கிறது. கூடாரம் பெயர்வதை நான் எங்கள் வீட்டு வாசலில் பார்த்திருக்கிறேன்.

எழுதியவர்: பெரோயா வாசகர்

சகோதரரே, உங்கள் விளக்கத்துக்கு நன்றி. நற்கருணையைப் பற்றிய கோட்பாட்டில் நாம் ஒத்துப்போகப் போவதில்லை. அதை இங்கே இழுக்கவும் நான் விரும்பவில்லை. ஆனால் அது நோயாளியிடம் போவதற்காகவே எடுத்துவைக்கப்பட்டது என்பது எனக்குப் புதிய செய்தி. என் பாட்டியாரின் கடைசி நாள்களில் எங்கள் குருவானவர் திருவிருந்து கொண்டுவந்து கொடுத்ததை நினைத்துக்கொண்டேன்.

எழுதியவர்: ஏடு புரட்டுபவர்

ஒரு சிறு சேர்க்கை. நம் கடற்கரைக்கும் இதில் பங்குண்டு. 6ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த கொஸ்மாஸ் என்ற வணிகர், உலகமே ஆசரிப்புக் கூடாரத்தின் வடிவில் அமைந்திருக்கிறது என்று ஒரு நூல் எழுதினார். கூடாரத்தில் அப்பங்கள் வைக்கும் சமுகத்தப்ப மேசை பூமி, அதைச் சுற்றிய விளிம்பு கடல், திரைச்சீலை வானத்தை இரண்டாகப் பிரிக்கும் ஆகாயவிரிவு என்பது அவர் கணக்கு. பூமி உருண்டை என்று சொன்னவர்களை அவர் மறுத்தார். அதில் அவர் தவறினார். ஆனால் அதே நூலில்தான் மிளகு விளையும் மாலே என்னும் மலபார்க் கரையிலும் தப்ரோபனே என்னும் இலங்கையிலும் கிறிஸ்தவர்கள் இருந்ததைக் குறித்து வைத்திருக்கிறார். இந்தப் பகுதிகளின் பழைய கிறிஸ்தவத்துக்கு நாம் காட்டும் தொடக்ககாலச் சான்றுகளில் ஒன்று, கூடாரத்தைப் பற்றிய ஒரு நூலின் பக்கங்களில் கிடக்கிறது.

எத்தியோப்பியத் திருச்சபையையும் மறந்துவிடக் கூடாது. அங்கே ஒவ்வோர் ஆலயத்தின் உள்ளறையிலும் தாபோத் என்ற புனிதப் பலகை உண்டு. உடன்படிக்கைப் பேழையின் நினைவாக வைக்கப்படும் அதற்காகத்தான் ஆலயமே புனிதமாகிறது. திருமுழுக்குத் திருநாளில் அதைப் பட்டுத் துணியால் மூடிக் குருக்கள் தலையில் சுமந்து நீர்நிலைக்குக் கொண்டுபோகிறார்கள்; அன்றிரவு அது தங்குவது ஒரு கூடாரத்தில்.

எழுதியவர்: மறைக்கல்வி ஆசிரியை

எல்லாருக்கும் நன்றி. எங்கள் ஆலயத்துப் பேழைக்கு இப்போது திரை இல்லை. பங்குத்தந்தையிடம் கேட்டேன், பழைய வெள்ளைத் திரை ஒன்று திருப்பண்ட அறை அலமாரியில் இருப்பதாகச் சொன்னார், அதைத் துவைத்துப் போட அனுமதியும் கொடுத்தார். முழக்கோல் ஐயா, உங்கள் மாதிரியைப் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு வாரம் தர இயலுமா? பத்திரமாகத் திருப்பிக் கொடுப்பேன்.

எழுதியவர்: முழக்கோல்

மகிழ்ச்சியோடு தருகிறேன், சகோதரி. ஒரு விவரம் மட்டும் சொல்லிவிடுகிறேன். 48 பலகைகளுக்கு இரண்டிரண்டாக, அவற்றைத் தாங்கும் 96 பாதங்கள், திரைச்சீலைத் தூண்களுக்கு 4, ஆக 100 வெள்ளிப் பாதங்கள் இருக்கவேண்டும். ஒவ்வொன்றும் ஒரு தாலந்து எடை. 6,03,550 ஆண்கள் ஆளுக்கு அரைச்சேக்கல் கொடுத்த வெள்ளியிலிருந்து வார்த்தவை. ஐசுவரியவான் அதிகமாகவும் தரித்திரன் குறைவாகவும் கொடுக்கக் கூடாது என்பது கட்டளை. பொன்னும் இரத்தாம்பரம் என்னும் சாயநூலும் மனமுவந்தவர்கள் தந்த காணிக்கை. கூடாரம் மண்ணில் ஊன்றி நின்றதோ எல்லாரும் ஒரே அளவில் கொடுத்ததன்மேல். என் மாதிரியில் அவை வெள்ளித்தாள் சுற்றிய சிறு மரத்துண்டுகள். போன விடுமுறை வேதாகமப் பள்ளியில் ஒன்று தொலைந்துபோய் இப்போது 99தான் இருக்கிறது. வடபுறத்துக் கடைசிப் பலகை அதனால் சற்று ஆடும். மரத்துண்டும் தாளும் பெட்டியில் வைத்து அனுப்புகிறேன். அந்தக் கேள்வியைக் கேட்ட பிள்ளையிடம் கொடுத்து ஒன்று செய்யச் சொல்லுங்கள்.